ஒரு பெண்ணை எழுத இத்தனை வழியா?

மெக்சிகோவின் பூர்வகுடி மொழியான நாவாட்டிலின் ஒரு வட்டார வகை ஹுவாஸ்தேக்கா நாவாட்டில். அதற்கு ஒரே எழுத்துமுறை இல்லாததை, அதைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை பெருங்குறையாகச் சொல்கிறது. குழப்பம் உண்மைதான். ஆனால் அது ஸ்பானிய வழக்கிலிருந்து வந்தது. ஸ்பானியத் துறவி மொலினா தொகுத்து 1571-இல் வந்த நாவாட்டில் அகராதியில் 'கல்லி' (வீடு), 'சிவாட்ல்' (பெண்) இரண்டுமே ரோமன் 'சி' (c) எழுத்தில்தான் தொடங்கும்! அடுத்த உயிரெழுத்தைப் பார்த்துத்தான் ககரமா, சகரமா என்று தெரியும். இன்று பலர் ககரத்துக்குக் 'கே' (k), சகரத்துக்கு 'எஸ்' (s) என்று பிரித்து எழுதுகிறார்கள். படிக்கும் பிள்ளைகளுக்கு அதுவே சுலபம் என்பேன். சரி, பழைய முறைக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. காலனிக்கால ஆவணக் குவியல் முழுக்க அந்த எழுத்தில்தானே இருக்கிறது. அப்புறம், மெக்சிகோ அரசுப் பட்டியலிலேயே நாவாட்டிலுக்கு 30 வட்டார வகைகள். இந்த மொழி பேசும் ஹிதால்கோ, வெராகுரூஸ் மாநிலக் கிராமத்தாரைக் கேட்காமல் தலைநகரில் உட்கார்ந்து விதி போட்டால் யார் எழுதுவார்கள்?