தொங்கவிட்டு முறுக்காதீங்க, ஐயா!

உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு ரப்பர் துண்டு. அதற்காகப் போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேளச்சேரி வெயிலில் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். முதுகுவலி கிடக்கட்டும். என் வயிற்றெரிச்சல் வேறு. இதே வேலையைப் பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காசு கொடுத்துச் செய்திருந்தேன்.

லோயர் ஆர்ம் புஷ்ஷைத்தான் சொல்கிறேன். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கை வண்டியோடு சேரும் மூட்டில், பெரிய குழாய்க்குள் ஒரு சின்னக் குழாயை வைத்து நடுவில் ரப்பரை ஒட்டியிருப்பார்கள். அவ்வளவுதான் புஷ். அது கிழிந்துவிட்டால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ‘லொடக்’. பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கவனிக்காமல் விட்டால் டயரையும் சேர்த்துத் தின்றுவிடும்.

எங்கள் தெருவில் அந்த லொடக்குக்குப் பஞ்சமே இல்லை. வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் அளவு சொல்லியிருக்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டரில் பதமாக ஏறி இறங்கலாம். எங்கள் தெருவில் இருப்பவை வேகத்தடைகள் இல்லை, சமாதிகள். மொத்தம் மூன்று.

மறுபடி சத்தம் வந்ததும் அதே ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போனேன். அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “ஆர்மோட மாத்திடுங்க சார், தனி புஷ் இப்பல்லாம் வர்றதில்ல” என்றார்கள். அப்படியானால் பத்து மாதத்துக்கு முன்னால் எனக்குத் தனியாக மாட்டியது என்ன, உளுந்து வடையா? மறுநாள் கார் உதிரிபாகக் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோட்டுக்குப் போய் முதல் கடையில் கேட்டேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைக்கூடத் தூக்காமல் பின்னால் இருந்த டப்பாவில் கைவிட்டு எடுத்துப் போட்டார்.

சரி, நாமே மாற்றிவிடுவோம் என்று இறங்கினேன். முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்தேன் (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைகிறவர் தயவுசெய்து முதலில் வீட்டில் சொல்லிவிட்டு நுழையவும்). சக்கரத்தைக் கழற்ற ஐந்து நிமிஷம். ஆர்ம் போல்ட்டைக் கழற்ற இரண்டரை மணி நேரம்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்த வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. அன்று துருவேறிய போல்ட்டை ஒர்க்‌ஷாப்காரர்கள் கழற்றி, ஒரு வயர் பிரஷ் போடாமல், ஒரு சொட்டு கிரீஸ் தடவாமல் அப்படியே திருப்பிச் சொருகியிருக்கிறார்கள். அது புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டிக்கொண்டு ஒரே இரும்பாகிவிட்டது. ஸ்ப்ரே அடித்தேன், ஸ்பானரில் நீளமாகக் குழாய் மாட்டித் தொங்கினேன், கடைசியில் சுத்தியலை எடுத்தேன். நாலாவது அடியில் கீழ்வீட்டுத் தாத்தா வெளியே வந்துவிட்டார். “தம்பி, மத்தியானம் கொஞ்சம் கண்ணசருற நேரம்பா.” அவர் சொல்வதும் நியாயம்தானே?

புஷ்ஷைப் பிதுக்கி எடுக்க என்னிடம் பிரஸ் கிடையாது. நீள போல்ட், தடித்த வாஷர்கள், பொருத்தமான அளவில் வெட்டிய குழாய்த் துண்டு, இவற்றை வைத்து முறுக்கி முறுக்கியே வெளியே எடுத்தேன். புதியதும் அதே வழியில், சோப்புத் தண்ணீர் தடவியதும் உள்ளே போய் உட்கார்ந்தது. அதில் கஷ்டம் பெரிதாக இல்லை.

கழற்றிய பழையதைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் கோபம் தலைக்கேறியது. ரப்பர் தேயவில்லை. பிழிந்த துணி மாதிரி ஒரே பக்கமாக முறுக்கிக் கிழிந்திருந்தது. எப்படி நடந்திருக்கும் என்று சொல்கிறேன். வண்டியை லிஃப்டில் ஏற்றுகிறார்கள். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. அப்படியே போல்ட் முடுக்குகிற மெஷின் கன்னை வைத்து ‘டர்ர்ர்’ என்று போல்ட்டை இறுக்கிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறார்கள். இந்த ரப்பர் வழுக்கிச் சுழலாது. உள்குழாய் ஒரு பக்கம், வெளிக்குழாய் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, நடுவில் முறுக்கிக்கொள்ள மட்டுமே அதற்குத் தெரியும். தொங்குகிற நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கிய கணத்திலிருந்தே அது முறுக்கிக்கொண்டு நிற்கிறது. ராத்திரி சும்மா நிற்கும்போதும் அதே முறுக்கல்தான். அதற்கு மேல் எங்கள் தெருச் சமாதிகள் வேறு. எத்தனை நாள்தான் தாங்கும்?

இதைத் தவிர்க்க என்ன செய்ய வேண்டும்? போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னால் நாலு அமுக்கு அமுக்கிவிட்டுக் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். கூடுதலாகப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடிக்க என் பணத்தைக் காவு கொடுத்தார்கள். இது போதாதென்று நடுவில் ‘கீச்’சென்று கேட்கிறது என்று போனபோது, என்ஜின் ஆயிலை வேறு ஊற்றி அனுப்பினார்கள். ஆயில் குடித்த ரப்பர் ஊதி, இளகி, நமுத்த அப்பளமாகிவிடும். இது தெரியாமலா தொழில் செய்கிறார்கள்?

நான் தடித்த பலகைகளைப் போட்டு முன் சக்கரங்களை அதன் மேல் ஏற்றினேன். பின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, வண்டியின் முழு எடையும் சக்கரங்களில் இருக்கும்போது அடியில் போய் இறுக்கினேன். சாயங்காலம் மூன்று சமாதிகளிலும் ஏறி இறங்கிப் பார்த்தேன். இடது பக்கம் மூச்சே இல்லை. வீல் அலைன்மென்ட் மட்டும் பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் வலது பக்கப் புஷ்ஷும் பாக்கி இருக்கிறது. அதையும் மாட்டியது அதே ஆட்கள்தான், அங்கேயும் அதே துருப்பிடித்த போல்ட்தான் இருக்கும். அடுத்த ஞாயிறு வைத்திருக்கிறேன். நாலு மணிக்கு மேல்தான் சுத்தியலைத் தொடுவேன் என்று தாத்தாவிடம் சொல்லிவிட்டேன்.