கீத ஆராதனையில் சபைக்கு என்ன வேலை?

ஞாயிற்றுக்கிழமை நம் சபையின் கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் நடந்ததை வந்திருந்த எல்லோரும் பார்த்தீர்கள். மூன்றாம் சரணத்துக்குச் சபை வாயெடுத்தபோது ஸ்பீக்கரில் ஓடிய பதிவு செய்த டிராக் முடிந்துவிட்டது. அதில் இரண்டு சரணம்தானாம். எழுந்து நின்றவர்கள் பாமாலைப் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தோம்.

நான் கேட்பது ஒன்றுதான். பாட வேண்டியது சபையா, ஸ்பீக்கரா?

"வாலிபப் பிள்ளைகள் ஆசையாகச் செய்கிறார்கள், அதிலுமா குறை?" என்பீர்கள். கிதார் எனக்குப் பகை இல்லை. 'ஒப்பில்லா திரு இரா', அதாவது 'சைலன்ட் நைட்', 1818இல் ஆஸ்திரியாவில் முதன்முதலாகப் பாடப்பட்டதே கிதாரோடுதான். ஆனால் வாசித்ததும் மனுஷர், பாடியதும் மனுஷர். பென்டிரைவ் இல்லை.

எனக்குக் கேம்பிரிட்ஜ் கீத ஆராதனை வீடியோ அனுப்பிய தம்பி, அதை முழுசாகப் பார்த்தீர்களா? கிங்ஸ் கல்லூரியில் 1918இல் தொடங்கிய ஆராதனை அது. முதல் பாட்டின் முதல் சரணத்தை ஒரு சிறுவன் தனியாகப் பாடுவான், அடுத்து பாடகர் குழு. அப்புறம் சபை மொத்தமும் சேர்ந்துகொள்ளும். சபை!

நம் ஆராதனையில் சவுண்டு பிரமாதமாம். சந்தோஷம்.

எனக்குப் பத்து வயசிருக்கும்போது கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைன் வீடுகளில் கேரல் ரவுண்ட்ஸ் போவோம். பெட்ரோமாக்ஸோடு அப்பா முன்னால் நடப்பார். ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை. உள்ளே எழுந்து நடக்க முடியாத ஒரு பாட்டி. குளிர் தாங்காமல் இரண்டு சரணத்தோடு முடித்துக் கிளம்பினோம். உள்ளேயிருந்து மூன்றாம் சரணம் வந்தது. சுருதியாவது கிருதியாவது! அப்பா எங்களை நிறுத்தி, பாட்டி முடிக்கும்வரை மெல்லிய குரலில் பேஸ் (கீழ்க்குரல்) கொடுத்தார்.

அப்பாவுடைய பாமாலைதான் ஞாயிற்றுக்கிழமை என் கையில் இருந்தது. "புக் எதுக்கு அங்கிள், ஸ்கிரீன்ல வருதே" என்றாள் ஒரு பெண். ஸ்கிரீனில் வந்தது பனி கொட்டும் அனிமேஷன். வெளியே புல்மேல் நிஜ உறைபனி விழுந்துகொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

நேரமில்லை என்று தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனையையும் எடுத்துவிட்டார்கள். பொன்னாடை போர்த்த மட்டும் இருபது நிமிஷம் கிடைத்தது. தமிழில் ராகத்தோடு பாடினால் ரீல்ஸுக்கு எடுபடாது போல.

"கொயரில் இடம் கிடைக்காத கோபம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம், கோபம்தான். இருபத்தெட்டு வருஷம் பேஸ் வரிசையில் நின்றவனிடம் "இந்தத் தடவை பேஸ் டிராக்கிலேயே இருக்கு" என்றால் வேறென்ன வரும்?

25ஆம் தேதி அதிகாலை ஆராதனைக்கு வருவேன். கடைசி பெஞ்சில் நிற்பேன். டிராக் எங்கே முடிந்தாலும் சரி, மூன்றாம் சரணத்தையும் பாடிவிட்டுத்தான் உட்காருவேன்.