காசு குடுத்து வழக்கு வாங்குற வேலை

"துணை மேல் சந்தேகமா? வெளிநாட்டு மாப்பிள்ளையைப் பற்றி அறிய வேணுமா? துப்பறியும் சேவை, 100 வீதம் இரகசியம்." இப்படி விளம்பரங்கள் இப்ப முகநூலில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஒரு வட்ஸ்அப் இலக்கம் மட்டும் இருக்கும். பெயர், விலாசம், பதிவு இலக்கம் எதுவும் இராது. கீழே எங்கட திருகோணமலைச் சனமே "இன்பொக்ஸ் பாருங்கோ" என்று எழுதிவிட்டுப் போகுது.

கலியாணம் பேசினால் விசாரிக்கத்தான் வேணும், அதில் பிழை இல்லை. முந்தி ஒரு மாமா மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்துக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே முழுக் கதையையும் கறந்துகொண்டு வந்துவிடுவார். உப்புவெளிப் பிள்ளைக்குக் கனடாவின் ஸ்காபரோவில் மாப்பிள்ளை என்றால் மாமா எந்தக் கடைக்குப் போறது? பெற்றவர்களின் அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. பயத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

பாங்க் வாசலில் நிற்கும் காவலாளியை அனுப்பும் கொம்பனிகூட, 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தனியார் பாதுகாப்பு முகவர் நிலையங்கள் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். ஆனால் துப்பறிபவருக்குப் பயிற்சியும் பரீட்சையும் வைத்து, ஆளுக்கொரு அனுமதிப்பத்திரம் கொடுக்கும் முறை எங்கள் நாட்டில் இல்லை. கனடாவின் ஒன்ராறியோவில் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதி, அனுமதிப்பத்திரம் வாங்கினால்தான் இந்த வேலையைச் செய்யலாம். ஆள் தப்புச் செய்தால் முறையிடவும் இடம் இருக்கிறது. இங்கே அவர் காசை வாங்கிக்கொண்டு இலக்கத்தை நிறுத்திவிட்டால் நீங்கள் எங்கே போவீர்கள்? பொலிசுக்குப் போனால், "என்ன வேலைக்குக் காசு குடுத்தனீங்கள்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது லேசில்லை. ஏனென்றால் இவர்கள் விற்கிற சாமானே பெரும்பாலும் குற்றம். "போனுக்குள்ள போய் மெசேஜ் எல்லாம் எடுத்துத் தாறம்" என்கிறார்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில், அதிகாரமின்றி ஒருவரின் கணினித் தகவலுக்குள் நுழைவதற்கு 5 வருடம் வரை சிறை, அல்லது ஒரு இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். உடந்தையாக இருப்பதும் அதே சட்டத்தில் குற்றம். செய்யச் சொல்லிக் காசு கொடுத்தவர் உடந்தை இல்லாமல் வேறு யார்? "நான் கிளிக் பண்ணேல்லையே" என்பது அங்கே எடுபடாது. கட்டின மனுசியின் போன் என்பதால் அதிகாரம் தானாக வந்துவிடாது. அழைப்பு விபரம் எடுத்துத் தருவதாகச் சொல்வதும் இந்த வகைதான். 2018இல் இந்தியாவில் மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் தானே (Thane) நகரப் பொலிஸ், அழைப்புப் பதிவுகளை விற்ற வழக்கில் தனியார் துப்பறிவாளர்கள் பலரைக் கைது செய்தது.

சரி, இவ்வளவும் செய்து கையில் என்ன மிஞ்சும்? எங்கள் பொதுத் திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்குக் காரணங்கள் மூன்றே மூன்று: பிறன்மனை உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு போன்ற இயலாமை. "ஒத்துவரவில்லை" என்று சொல்லிப் பிரிய வழியில்லாததால் ஆட்கள் 'ஆதாரம்' தேடி அலைகிறார்கள். சட்டம் பழசாக இருப்பதும் இந்த வியாபாரத்துக்கு ஒரு காரணம் என்பேன். ஆனால் நிலாவெளிக் கரையில் இரண்டு பேர் இருந்து கதைத்த படத்தை வைத்து மாவட்ட நீதிமன்றத்தில் எதை நிரூபிப்பது? ஒலி, ஒளிப் பதிவு கொண்டுவருவதென்றால் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுச் சட்டப்படி விசாரணைக்கு 45 நாளுக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும். படத்தை எடுத்தது யார் என்ற கேள்வியும் வரும். வட்ஸ்அப் இலக்கம் சாட்சிக் கூண்டில் ஏறாது. மாறாக, உங்கள் மனுசி 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்டால், நீங்கள் ஆள் வைத்துப் பின்தொடர்ந்த கதை அங்கே உங்களுக்கு எதிராக நிற்கும்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய கோபம் வேறொன்றில். திருகோணமலையில் தலைக்கவசத்தைக் கழற்றாமல் ஒருவன் வந்து, "இந்த வீட்டில யார் இருக்கினம், எத்தனை மணிக்கு வருவினம்?" என்று கேட்டால் சனம் என்ன நினைக்கும்? யுத்தம் முடிந்து இவ்வளவு வருசம் போயும், பாலையூற்றிலும் அன்புவழிபுரத்திலும் அந்தக் கேள்விக்கு வயிறு கலங்கும் தாய்மார் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை முதலாகப் போட்டு, "சிஐடி" என்று சொல்லிக்கொண்டு விபரம் கறப்பது அரச ஊழியராக ஆள்மாறாட்டம் செய்யும் குற்றம். சட்டப் புத்தகத்தை ஒரு பக்கம் வைத்தாலும் அது கேவலமான வேலை. ஒரு கலியாணப் பேச்சுக்காக அயல் வீட்டுக்காரரை இரவு முழுக்க நித்திரையில்லாமல் கிடக்க வைக்க யாருக்கு உரிமை?

விபரம் கிடைத்துவிட்டாலும் பிரச்சினை தீராது. உங்கள் குடும்ப இரகசியம் இப்ப முகம் தெரியாத ஒருவனிடம் இருக்கிறது. நாளைக்கு அவன் உங்களிடமே காசு கேட்கலாம், மற்றப் பக்கத்துக்கும் விற்கலாம். அது கப்பம் என்று முறையிடப் போனால் உங்கள் கதையும் சேர்ந்து வெளியே வரும்.

விசாரிக்க வேண்டியவர்கள் நேர்வழியில் விசாரியுங்கள். உள்ளூர் ஆள் ஏற்கெனவே திருமணம் பதிந்தவரா என்ற சந்தேகம் இருந்தால் பிரதேச செயலகத்துப் பதிவுப் பகுதியில் கேளுங்கள். கனடா மாப்பிள்ளை என்றால் அங்கே அனுமதிப்பத்திரம் உள்ளவரைப் பிடியுங்கள், பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். விவாகரத்து என்றால் முதலில் ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். எங்கள் மாவட்டத்து எம்பிமார் இந்தத் தொழிலுக்கு ஓர் அனுமதிச் சட்டம் வேண்டும் என்று பாராளுமன்றத்தில் ஒருக்கா வாய் திறந்தாலும் புண்ணியம்.

இனி கொமென்டில வந்து "நல்ல ஆள் ஒருத்தர்ர நம்பர் இருந்தா போடுங்கோ அண்ணை" என்று கேட்கப் போறவைக்கு: இல்லை, தரமாட்டன்.