மாடல் ரயில் கண்காட்சியும் நம்ம செங்கோட்டை லைனும்

"பொம்மை ரயில் பாக்கவா அண்ணாச்சி அமெரிக்கா போனிய?" என்று கேட்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொல்லி முடியாது, அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். போனது தங்கை வீட்டுக்கு. ரயில் பார்த்தது நடுவில். ஆனால் ஊருக்கு வந்த பிறகும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பது அந்த ரயில்தான், நயாகராகூட இரண்டாம்பட்சம்தான்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்ட் என்று ஒரு ஊர். அங்கே இருக்கிற பொருட்காட்சி மைதானத்தில் ஆம்ஹர்ஸ்ட் ரயில்வே சொசைட்டி என்கிற ரயில் பிரியர்கள் சங்கம் வருஷாவருஷம் ஜனவரிக் கடைசியில் மாடல் ரயில் கண்காட்சி நடத்துகிறது. நான்கு பெரிய கட்டடங்கள், சனியும் ஞாயிறும். வெளியே பனி கொட்டிக் கிடக்கிறது, உள்ளே போனால் நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தன்று ரதவீதியில் நகர்வது போலத் தோளை இடித்துக்கொண்டுதான் நகர வேண்டும். "மச்சான், ஒரு மணி நேரத்துல கிளம்பிடலாம்லா?" என்று தங்கை வீட்டுக்காரர் காரை நிறுத்தும்போதே கேட்டார். சாயங்காலம் வரை இருந்தோம், கடைசி வரைக்கும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை, பாவம். எல்லோருக்கும் பிடிக்கிற சமாச்சாரம் இல்லை இது.

அளவுகளிலேயே ஏகப்பட்ட வகை. எச்ஓ என்றால் நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு, இதுதான் எங்கே திரும்பினாலும். ‘என்’ அளவு 160-ல் ஒரு பங்கு, வீட்டில் இடம் இல்லாதவர்களுக்கு. தோட்டத்தில் ஓடவிடுகிற ஜி ரகத்துக்குத் தண்டவாள அகலமே 45 மில்லிமீட்டர். இப்போதைய இன்ஜின்களுக்குள் டீகோடர் என்று சின்னதாக ஒரு சில்லு இருக்கிறது, தண்டவாளத்தில் வருகிற மின்சாரத்தோடேயே கட்டளையும் வந்துவிடும், அதனால் ஒரே லைனில் நிற்கிற இரண்டு இன்ஜின்களில் ஒன்றை மட்டும் கிளப்பலாம், ஒன்றுக்கு மட்டும் ஹாரன் அடிக்கலாம். சரி, இதெல்லாம் யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம்.

என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு மூலையில் ஷண்டிங், அதாவது வேகன்களைப் பிரித்து லைன் மாற்றிச் சேர்க்கிற வேலை, பண்ணிக்கொண்டிருந்த பெரியவர். கையில் ஒரு மூங்கில் குச்சி, கறித்துண்டு குத்திச் சுடுவார்களே அந்தக் குச்சிதான். அதன் கூர்முனையை இரண்டு வேகன்களைக் கோக்கிற கப்ளிங்கில் விட்டு லேசாகத் திருகினார், வேகன் கழன்றுகொண்டது. இன்ஜினை ஊர்ந்து போகிற வேகத்தில் முன்னால் எடுத்து, லைன் பிரிகிற இடத்தில் பாயிண்ட்ஸை மாற்றி, அந்த ஒரு வேகனை மட்டும் மரக்கடை லைனில் தள்ளிவிட்டு, மிச்சத்தைத் திரும்பக் கோத்தார். எந்த வேகன் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு சட்டைப் பையில் வைத்திருக்கிறார், எடுத்துப் பார்க்கிறார், மறுபடி யோசிக்கிறார். நான் நின்று பார்த்த நேரமெல்லாம் சேர்த்து அந்த ரயில் நகர்ந்தது நாலு முழம் இருந்தால் அதிகம்.

பேச்சுக் கொடுத்தேன். அவர் மாடலாகப் பண்ணியிருப்பது நிஜமாகவே இருந்த ஒரு கிளை லைன். அது இப்போது கிடையாது, தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுச் சைக்கிள் பாதை போட்டுவிட்டார்களாம். மேஜைக்கு அடியிலிருந்து தடியாக ஒரு ஃபைலை எடுத்தார். ஸ்டேஷன் கட்டடத்தை அவரே டேப் வைத்து அளந்து வரைந்த படம், பழைய டைம்டேபிள், சன்னல் சட்டம் எந்தப் பச்சை என்று வேலை பார்த்தவர்களைக் கேட்டு எழுதிவைத்த குறிப்பு, அந்தப் பச்சையை ஒரு அட்டையில் தடவியும் வைத்திருந்தார். இதைப் போய்ப் பொம்மை என்று எந்த வாயால் சொல்வது!

இன்னொன்று, பாதிப் பேர் சங்கமாக வந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் வீட்டில் ஒரு மேஜை அளவுக்கு மாடல் பண்ணுகிறார்கள். ஓரத்தில் தண்டவாளம் எந்த இடத்தில், எந்த உயரத்தில் வந்து முடிய வேண்டும் என்பது மட்டும் பொது விதி, நடுவில் அவரவர் ஊர், அவரவர் இஷ்டம். கண்காட்சியன்று காரில் கொண்டுவந்து மேஜைகளைச் சேர்த்து முடுக்கினால் மண்டபத்தைச் சுற்றி ரயில் ஓடுகிறது. நம்ம ஊரில் இதைச் செய்தால் முதல் மேஜை யாருடையது என்பதிலேயே சங்கம் இரண்டாக உடையும், அது வேறு கதை.

குறை சொல்லவும் இருக்கிறது. பாதி இடம் வெறும் கடை. பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பன்மார் வருகிறார்களே ஒழிய, மேஜைக்கு அந்தப்பக்கம் நிற்கிறவர்களில் என் வயசுக்காரர்கள்தான் அதிகம். விலையோ கேட்கவே வேண்டாம், சத்தத்தோடு ஓடுகிற எச்ஓ இன்ஜின் ஒன்று 300 டாலருக்கு மேலும் போகிறது, நம்ம காசுக்குக் கால் லட்சம். காசுக்காரன் பொழுதுபோக்கு என்று சொன்னால் அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் பெரியவரின் ஃபைலுக்கு என்ன செலவு? ஒரு டேப், ஒரு பென்சில். அதைத்தான் நாம் செய்யவில்லை. கொல்லம்–செங்கோட்டை மீட்டர்கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம், 1904-ல் வந்தது. புனலூர்–செங்கோட்டை மலைப் பகுதியை 2010-ல் மூடினார்கள், 2018-ல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். நம்ம பக்கம் நெல்லை–தென்காசி அகலப்பாதை 2012-ல். அகலப்பாதை வந்தது நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கழுதுருட்டிப் பக்கம் பதிமூணு கண் பாலத்தடியில் போய் எல்லோரும் செல்ஃபி எடுக்கிறோம். ஆனால் நெல்லை–தென்காசி லைனில் பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடை (கல்லிடைக்குறிச்சி), அம்பை (அம்பாசமுத்திரம்) என்று நாம் ஏறி இறங்கிய ஸ்டேஷன்கள் மீட்டர்கேஜ் காலத்தில் எப்படி இருந்தன என்று அளவோடு எழுதி வைத்திருக்கிற ஒரு ஆளைக் காட்டுங்கள். தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்துவிட்டேன், கிடைப்பது கல்யாண ஆல்பத்தில் பின்னால் தெரிகிற பிளாட்பாரம்தான்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். நம்ம அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர், எச்ஓ அளவுக்குச் சுருக்கினால் 19-க்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். கடையில் விற்கிற எச்ஓ தண்டவாளமோ மேல்நாட்டு அளவுக்குப் போட்ட 16.5. நம்ம பெட்டியை அதில் வைத்தால் அகலமான உடம்புக்குக் குச்சிக்கால் வைத்த மாதிரி நிற்கும். மீட்டர்கேஜுக்கு அந்தத் தொல்லையே இல்லை. 87-ல் ஒரு பங்கு 11.5 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கடையிலேயே கிடைக்கிறது, ஏனென்றால் சுவிட்சர்லாந்தில் ரேட்டியன் ரயில்வே மீட்டர்கேஜ், அவர்கள் இன்னும் அதைப் பிடுங்கவில்லை. அதாவது நாம் எதைப் பிடுங்கிப் போட்டோமோ, மாடலுக்கு அதுதான் தோது.

நம்ம செங்கோட்டை லைனை மாடலாகப் பண்ணலாம் என்றாலும் மொத்த லைனையும் பண்ண முடியாது என்பதும் உண்மை. புனலூரிலிருந்து செங்கோட்டை வரை 49 கிலோமீட்டர், எச்ஓ அளவில் சுருக்கினாலும் அரைக் கிலோமீட்டரைத் தாண்டும். எதை விடுவது, எதை வைப்பது என்று உட்கார்ந்து பேச வேண்டும். எனக்கு ஆரியங்காவுக் குகை கட்டாயம் வேண்டும். தென்மலையை விட்டுவிடலாம் என்று சொன்னால் கொல்லத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

புனேயில் ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம் 1998-லிருந்து நடக்கிறது, ஒரு தனிமனிதரின் ரயில் பைத்தியத்தில் உருவானது. நம்ம பக்கம் கைவேலைக்கா பஞ்சம்? அம்பாசமுத்திரத்தில் மரச்செப்பு கடைகிறவர்கள் இருக்கிறார்கள், விரல் தண்டிக்கு இன்ஜின் பாய்லர் கடைய அவர்களுக்குத் தெரியாதா? காருகுறிச்சியில் மண் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், இரண்டு ஊருமே நெல்லை–தென்காசி லைனில் இருக்கிற ஊர்கள்தான். மோட்டாரை வெளியே வாங்கிக்கொள்வோம், ஊரை இங்கே பண்ணுவோம்.

அதற்கு முன்னால் அளவு வேண்டும். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சிமார், கேங்மேனாக, பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் மூன்று விஷயம் சொல்லுங்கள். கல்லிடை ஸ்டேஷனில் கூட்ஸ் ஷெட் எந்தப் பக்கம், எத்தனை கதவு? அம்பையில் நீராவி இன்ஜினுக்குத் தண்ணி பிடிக்கிற குழாய் எங்கே நின்றது? ஆழ்வார்குறிச்சி ஸ்டேஷன் மாஸ்டர் அறைக் கதவு என்ன நிறம்? பழைய போட்டோ இருந்தால் தலையை வெட்டாமல், பின்னணியோடு முழுசாக ஸ்கேன் பண்ணி அனுப்புங்கள். எனக்கு வேண்டியது பின்னணிதான்.