ஒழுக்கம் எங்கள் தொழில் இல்லை

கோபத்தில் எழுதினால் தப்பாகப் போய்விடும் என்று இரண்டு நாள் சும்மா இருந்தேன். ஆனால் படையில் என்னோடு இருந்த ஒருவன் வேலை தேடிய கதையை எழுதிய பதிவுக்குக் கீழே வந்த பதில்களைப் படிக்கப் படிக்கத் தாங்கவில்லை, எழுதிவிடுகிறேன்.

யாரைச் சொல்கிறேன் என்று உங்களில் பலருக்குத் தெரியும். என் ஸ்குவாட்ரனில், அதாவது படையின் விமானப் பிரிவில், எனக்கு ஜூனியராக இருந்தவன். 15 வருடம் ஹெலிகாப்டர் எஞ்சினும் கியர்பாக்ஸுமாகவே வாழ்ந்துவிட்டு வெளியே வந்திருக்கிறான். நேர்காணலுக்குப் போன இடத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார்கள், எஞ்சினைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கடைசியில், "உங்க டிசிப்ளின் எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, ஸ்டோர்ஸ்ல சூப்பர்வைசர் இடம் ஒண்ணு இருக்கு, பார்க்கிறீங்களா?" என்றார்களாம். ஸ்டோர்ஸ் என்றால் உதிரிபாகக் கிடங்கு. அதை அவன் வருத்தத்தோடு எழுதினால், கீழே ஒருவர் "கிடைத்ததே பெரிது" என்கிறார். இன்னொருவர், "படையில் இருந்து வருபவர்கள் ஆர்டர் போட்டால் செய்வார்கள், யோசிக்கத் தெரியாது" என்கிறார். அதற்கு 40 பேர் லைக் போட்டிருக்கிறார்கள்.

ஒழுக்கம் நல்ல விஷயம்தான், யார் இல்லை என்றது? ஆனால் 15 வருடமாக அவன் செய்த வேலை ஒழுக்கம் இல்லை. எஞ்சினைக் கழற்றினான், மாட்டினான். போர்ஸ்கோப் என்கிற குழாய்க் கேமராவை உள்ளே விட்டு டர்பைன் பிளேடில் விரிசல் தேடினான். கியர்பாக்ஸின் சிப் டிடெக்டரில் ஒட்டியிருந்த உலோகத் துகளைப் பார்த்து, இது சாதாரணத் தேய்மானமா இல்லை உள்ளே ஒரு பேரிங் உடைய ஆரம்பித்துவிட்டதா என்று சொன்னான். அவன் சொன்னதை நம்பி ஆட்கள் ஏறிப் பறந்தார்கள். இதற்குப் பெயர் யோசிக்கத் தெரியாததா? ஒழுக்கம் எங்கள் பழக்கம். எங்கள் தொழில் விமானம். இதை எத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கிறது!

பைலட்டாக இருந்தால் இந்தப் பேச்சே வராது. 2009-இல் ஹட்சன் நதியில் 155 பேரோடு விமானத்தை இறக்கினாரே சல்லன்பெர்கர், அவர் அமெரிக்க விமானப்படையில் எஃப்-4 போர் விமானம் ஓட்டியவர். 2018-இல் நடுவானில் எஞ்சின் சிதறிய சவுத்வெஸ்ட் விமானத்தைத் தரையிறக்கிய டாமி ஜோ ஷல்ட்ஸ், கடற்படையில் எஃப்/ஏ-18 போர் விமானம் ஓட்டியவர். அவர்கள் படையில் பறந்ததை எல்லோரும் அனுபவம் என்றுதான் சொல்கிறார்கள், சொல்லவும் வேண்டும். அமெரிக்காவில் பயணிகள் விமான கோ-பைலட்டுக்குப் பொதுவாக 1500 மணி நேரம் பறந்த அனுபவம் தேவை, படையில் பயிற்சி பெற்ற பைலட்டுக்கு 750 மணி நேரத்திலேயே வரம்புக்கு உட்பட்ட ஏ.டி.பி., அதாவது பயணிகள் விமான பைலட் சான்றிதழ் கொடுக்கிறார்கள். ஓட்டியவனுக்கு அது அனுபவம் என்றால், அதே விமானத்தை ஓடும் நிலையில் வைத்திருந்தவனுக்கு மட்டும் ஏன் அது ஒழுக்கமாகிவிடுகிறது? எனக்கு இது உண்மையிலேயே புரியவில்லை.

சட்டம்கூட அப்படிப் பார்க்கவில்லை. மெக்கானிக் சான்றிதழுக்கு அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. கேட்பது ஏர்ஃப்ரேம் (விமான உடல்), பவர்பிளான்ட் (எஞ்சின்) இரண்டில் ஒன்றுக்கு 18 மாத அனுபவம், இரண்டும் வேண்டுமென்றால் 30 மாதம். படையில் செய்த வேலையும் அந்தக் கணக்கில் சேரும், அப்புறம் எழுத்து, வாய்மொழி, செய்முறை என்று எல்லாத் தேர்வும் உண்டு. ஐரோப்பாவில் பராமரிப்பு லைசென்ஸுக்கான பார்ட்-66 விதியிலும் படை அனுபவம் ஏற்கப்படுகிறது, கூடவே சிவில் விமானப் பராமரிப்பில் கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்கிறது. நியாயமான நிபந்தனை. நான் அதை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இங்கே ஒருவர் உடனே வருவார் என்று தெரியும். "சிவில் வேறு, படை வேறு, பேப்பர் வேலையே உங்களுக்குத் தெரியாது" என்பார். சரி, அதில் உண்மை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நான் வெளியே வந்து முதல் மாதம், ஒரு ராத்திரி ஷிஃப்டில் சக்கரம் மாற்றும் வேலை. படையில் எத்தனை சக்கரம் மாற்றியிருப்பேன் என்று கணக்கே கிடையாது, கை தானாகப் போகிறது. லைசென்ஸ் வைத்திருந்த இன்ஜினியர் ஒரு பெண், என்னைவிட 15 வயதாவது சின்னவர். பக்கத்தில் வந்து, "சார், முதல்ல கார்டைத் திறங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வேலையின் படிகளை எழுதிய டாஸ்க் கார்டில் ஒவ்வொரு படிக்கும் ஒரு கையெழுத்து. மேனுவலின் எந்தத் திருத்தப் பதிப்பு என்று பார்க்க வேண்டும், போல்ட்டை அளவாக முறுக்கும் டார்க் ரென்ச்சைச் சரிபார்த்த காலிபரேஷன் தேதி எழுத வேண்டும், மாற்றிய பாகத்துக்கு ரிலீஸ் சர்டிஃபிகேட் இருக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு அவர் தன் லைசென்ஸ் எண்ணைப் போட்டு விமானம் பறக்கலாம் என்ற ரிலீஸ் டு சர்வீஸ் கையெழுத்து வைப்பார், அந்த விமானத்துக்கு அந்த வேலைக்கு அவர்தான் பொறுப்பு. படையில் எங்களுக்கும் கையெழுத்து உண்டு, ஆனால் அங்கே பொறுப்பு யூனிட்டின் அடுக்குகளில் பரவிக் கிடக்கும். இங்கே ஒரு ஆளின் பெயரில் வந்து நிற்கிறது. அந்தக் கனம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அவரிடம்தான் இந்த வேலையைக் கற்றேன், இன்றைக்கும் அவரை மரியாதையோடுதான் நினைக்கிறேன்.

ஆனால் அதைக் கற்க எனக்கு எவ்வளவு நாள் ஆனது தெரியுமா? சில மாதங்கள். மேனுவலில் விமானத்தின் ஒவ்வொரு அமைப்புக்கும் உள்ள ஏ.டி.ஏ. சாப்டர் எண்கள் மனதில் பதிந்தன, லேண்டிங் கியர் 32, ஹைட்ராலிக்ஸ் 29, ஃபிளைட் கன்ட்ரோல்ஸ் 27. விதிகளைப் படித்தேன், லைசென்ஸ் தேர்வின் பாடப் பிரிவுகளில் 10-வது மாட்யூல் முழுக்க விமானச் சட்டம்தான், மற்ற மாட்யூல்களைப் போல அதிலும் 75 விழுக்காடு வாங்கினால்தான் தேர்ச்சி, வாங்கினேன். போல்ட் கழலாமல் கட்டும் லாக்வயரை எந்தப் பக்கம் முறுக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குறை காகிதத்தில் இருந்தது, கையில் இல்லை. காகிதத்தைச் சில மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். கைக்குத்தான் 15 வருடம் ஆகும்.

அடுத்தது அந்த "ஆர்டர்" பேச்சு. என்னை நிஜமாகவே காயப்படுத்தியது இதுதான். படையில் வாய் திறக்க மாட்டார்களாம், மேலே இருப்பவர் சொன்னால் தலையாட்டுவார்களாம். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு. மூடுபனியில் கே.எல்.எம். விமானம் கட்டுப்பாட்டு அறையின் கிளியரன்ஸ் (அனுமதி) இல்லாமல் டேக்-ஆஃப் எடுத்தது. அந்த பான் ஆம் விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா என்று ஃபிளைட் இன்ஜினியர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னார், அதற்கு மேல் யாரும் பேசவில்லை. இரண்டு விமானமும் மோதி 583 பேர் செத்தார்கள். இரண்டும் பயணிகள் விமானம். மேலே இருப்பவருக்குப் பயப்படுவது மனிதனுக்கு இருக்கிற வியாதி, சீருடைக்கு மட்டும் உள்ளது இல்லை.

மனிதக் காரணிகள் வகுப்பில், அதான் 9-வது மாட்யூல், 1990-இல் நடந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விபத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். முன்கண்ணாடி மாற்றிய மேலாளர் பழைய போல்ட்டைக் கண்ணால் ஒத்துப் பார்த்துப் புதிதை எடுத்தார். எந்த அளவு வர வேண்டும் என்று ஸ்டோர்ஸில் இருந்தவர் எடுத்துச் சொல்லியும் மாற்றவில்லை. 90 போல்ட்டில் 84 விட்டம் குறைந்தவை. 17,300 அடியில் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது, கேப்டன் பாதி உடம்பு வெளியே தொங்கினார், உயிர் பிழைத்தது அதிசயம். (ஸ்டோர்ஸ் வேலையை நான் கேவலமாகச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அன்றைக்குச் சரியாகச் சொன்னது ஸ்டோர்ஸ்காரர்தான்.)

அதைக் கேட்டபோது எனக்கு ஒரு ராத்திரி ஞாபகம் வந்தது. படையில் சேர்ந்து இரண்டாவது வருடம். வேலை முடித்து டூல் செக் பண்ணினால் பெட்டியில் ஒரு சாக்கெட் காணோம். காலையில் முதல் சார்ட்டி, அதாவது முதல் பறப்பு, அந்த விமானம்தான். என் சார்ஜென்ட் கோபக்காரர், எனக்கு நடுக்கம். இருந்தாலும் போய்ச் சொன்னேன், "சார், என் டூல் ஒண்ணு குறையுது". அவர் திட்டவில்லை. விமானத்தை அங்கேயே நிறுத்தினார், பேனல் பேனலாகத் திறந்தோம், விடிகிற நேரத்தில் எஞ்சின் பேயின் மூலையில் கிடைத்தது. மூன்று சார்ட்டி ரத்து. அடுத்த நாள் எல்லோர் முன்னாலும் அவர் என்னைக் கூப்பிட்டு, இவன் சொன்னதால்தான் ஒரு விமானம் தப்பித்தது என்றார். 21 வயதில் எனக்கு வாய் திறக்கச் சொல்லிக்கொடுத்த இடம் அது. அந்த இடத்தைப் பற்றித்தான் முகம் தெரியாத ஒருவர் யோசிக்கத் தெரியாது என்று எழுதுகிறார், 40 பேர் ஆமாம் என்கிறார்கள்.

பென்ஷன் வருகிறதே, அப்புறம் எதற்குப் பேராசை என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. 40 வயதுகூட ஆகாத ஒருவன் தனக்குத் தெரிந்த வேலையைக் கேட்கிறான், அதற்குப் பேராசை என்று பெயரா?

இன்னொன்று, இதை இப்போது சீருடையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறேன். நாம் வெளியே வரும்போது நம் வேலைப் பதிவுகள் யூனிட்டிலேயே இருந்துவிடும். நான் எத்தனை எஞ்சின் மாற்றினேன் என்பதற்கு என் கையில் இருந்தது ஒரே ஒரு பக்கச் சான்றிதழ், அதிலும் முதல் வரி "நன்னடத்தை". ரகசியம் எதையும் தொடாமல், விதி அனுமதிக்கிற அளவில், என்ன வேலை, என்ன தேதி, யார் மேற்பார்வை என்று இப்போதே குறித்து வையுங்கள், மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்குங்கள். மாட்யூல் தேர்வுகளை வெளியே வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

நேற்று ராத்திரி அவன் போன் பண்ணினான். ஸ்டோர்ஸுக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்களாம். "அண்ணே, சேர்ந்துட்டா அப்புறம் என்னை எஞ்சின் பக்கம் விடுவாங்களா?" என்று கேட்டான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவனுக்கு இன்னும் இரண்டு மாட்யூல்தான் பாக்கி. டர்பைன் ஹெலிகாப்டர் வேலை நடக்கும் ஹேங்கரில் யாராவது இருந்தால், உங்கள் மெயின்டனன்ஸ் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒரு கியர்பாக்ஸ் முன்னால் அவனை நிறுத்திக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள்.