எந்தக் கோயிலில் முடி இறக்கினீர்கள்?

1993ஆம் ஆண்டு எங்கள் தெருவில் அம்மாவை நிறுத்தி இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. "பழநியா, திருப்பதியா?" என்பார்கள். அம்மா சட்டென்று "சமயபுரம்" என்பாள். தம்பி அவள் இடுப்பில் இருந்தபடி கேட்டவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். ஆறு வயதுப் பையனை இடுப்பில் சுமக்க முடிந்ததை வைத்தே ஊருக்கு விஷயம் விளங்கியிருக்க வேண்டும். விளங்கித்தான் கேட்டார்களோ என்று இப்போது தோன்றுகிறது.

முடியைக் கொட்டவைத்தது மருந்து. அவனுக்கு வந்திருந்தது அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா. குழந்தைகளுக்கு அதிகம் வருகிற ரத்தப் புற்றுநோய். இந்தப் பெயரையே நான் கல்லூரி நாட்களில், பரணில் கிடந்த ஆஸ்பத்திரி ஃபைலை இறக்கிப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அதுவரை வீட்டில் சொன்னதெல்லாம், "அவனுக்கு ரத்தம் ஊறவில்லை." பதினோரு வயதுக்காரிக்கு அது போதும் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டு, என்னைச் சித்தி வீட்டில் விட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறினார்கள்.

போதவில்லை. சொல்லாமல் விட்டதை நானே இட்டு நிரப்பிக்கொண்டேன். அப்போது தீப்பெட்டிப் படங்கள் சேர்த்துக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்றைக் கிழித்துவிட்டான் என்று தம்பியின் முழங்கைக்கு மேலே நகம் பதியக் கிள்ளினேன். மறுநாள் அந்த இடத்தில் நாவல்பழத்தை நசுக்கிய மாதிரி ஒரு கன்றல். அடுத்த வாரம் முதுகில் இரண்டு, தொடையில் ஒன்று. பிறகு விடாத காய்ச்சல். நான் கிள்ளிய இடத்திலிருந்துதான் எல்லாம் பரவியது என்பது என் கணக்கு. பதினான்கு மாதம் கழித்து அவன் போய்ச் சேர்ந்தபோதும் அந்தக் கணக்கை யாரும் திருத்தவில்லை. நான் யாரிடமும் காட்டவுமில்லை.

எலும்பு மஜ்ஜையில் புற்றணுக்கள் பெருகினால், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் உருவாவது குறைந்துபோகும். லேசாகப் பட்டாலே உடம்பு கன்றிவிடும். நான் கிள்ளுவதற்கு முன்பே நோய் உள்ளே இருந்திருக்கிறது. சொல்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாத செய்தி இது. அது என்னிடம் வந்து சேர எட்டு வருடம் ஆனது.

அந்த ஃபைலில் திரும்பத் திரும்ப வரும் மருந்து வின்கிரிஸ்டின். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. எங்கள் கொல்லையிலும் அந்தச் செடி இருந்தது. சுடுகாட்டு மல்லி வீட்டுக்கு ஆகாது என்று, தம்பி படுத்த படுக்கையானதும் பாட்டி வேரோடு பிடுங்கிப் போட்டாள். பாட்டியைக் கோபித்துக்கொள்ள இன்றைக்கும் மனம் வரவில்லை.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, ஊரறியப் பணம் திரட்டி 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். நாற்பது வருடம் கழித்தும் எங்கள் வீட்டில் அந்தச் சொல் வாசல்படி தாண்டவில்லை. பெண் இருக்கிற வீடு, வரன் தட்டிப்போகும் என்ற பயம். 2006இல் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் மாமா, "ஒரே பெண்" என்றார். காபித் தட்டோடு நின்ற நானும் தலையாட்டினேன். அதற்காக என்மீதே எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

"சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்கிறவர்களோடு எனக்குச் சமாதானமே கிடையாது. இன்று வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் பிழைத்துக்கொள்கிறார்கள். இங்கேயும் பலர் பிழைக்கிறார்கள். ஆனால் இந்த நோய்க்குச் சிகிச்சை இரண்டு, மூன்று வருடம் நீளும். அத்தனை நாளும் வீட்டில் இன்னொரு பிள்ளை கதவோரம் நின்று ஒட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும். அதைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். நோயின் பெயரைச் சொல்லுங்கள். ஒட்டாது என்று சொல்லுங்கள். நீ செய்த எதனாலும் வரவில்லை என்று, அது கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். முடிந்தால் ஒருமுறை வார்டுக்கு அழைத்துப் போங்கள். பயப்படும்தான். தனியாக எதையெதையோ கற்பனை செய்துகொண்டு பயப்படுவதைவிட அது எவ்வளவோ மேல்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் கிள்ளிய கதையை அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டுவிட்டு, "கையிலிருந்தது நீ கிள்ளியதா?" என்றாள். "கால் வலிக்கிறது, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதவனை விளக்குமாற்றால் அடித்தேன். கையை நீட்டித் தடுத்தான். அதில் பட்டது என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்."

கால் வலியும் அந்த நோயின் அறிகுறிதான் என்று சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.