வீட்டை மட்டும் குறை சொல்லாதீர்கள்

அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகள் பொதுத் தேர்வுகளில் பின்தங்குவதற்கு வீட்டுச் சூழல்தான் காரணம் என்று நான் படித்த ஒரு கட்டுரை முடித்துவிட்டது. என்னால் ஏற்க முடியவில்லை. தேசிய அளவிலான 'நேப்' வாசிப்புத் தேர்வில், 13 வயது வெள்ளை, கறுப்பின மாணவர்களுக்கு இடையே 1971இல் 39 புள்ளி வித்தியாசம் இருந்தது. 1988இல் அது 18 ஆனது. தென் மாநிலங்களில் இரு இனப் பிள்ளைகளும் அதிகமாகச் சேர்ந்து படித்த காலமும் அதுதான். பெற்றோரின் படிப்பு கூடியதும் ஒரு காரணம், சரி. ஆனால் அது மட்டுமா?

பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் நிறத்தால் மதிப்பெண் ஏறுவதில்லை. ஆனால் இனவாரியாகப் பிரித்து, ஏழைப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் குவித்தால் அனுபவமுள்ள ஆசிரியர்கள் அங்கே நிலைப்பதில்லை. அப்படிப்பட்ட பல பள்ளிகளில் கால்குலஸ், இயற்பியல் வகுப்பே கிடையாது. டெட்ராய்ட் நகரில் இரு இனப் பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்கவைக்கும் திட்டத்திலிருந்து புறநகர்ப் பள்ளிகளை 1974 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு விலக்கியதையும் அந்தக் கட்டுரையில் எழுதியிருக்க வேண்டாமா?